கோதுமை இல்லாத வீடு

கோதுமையை நிறுத்தி நூற்றெண்பது நாளாகியும் தேவசகாயம் இளைத்துக்கொண்டே போனான்.

"சிறுகுடல்ல பூந்துவாலை நூல் மாதிரி இருக்கிற இழைங்கதான் சத்தை உறிஞ்சும். கோதுமை பட்டா உங்களுக்கு அது தேஞ்சுடுது. இன்னும் வளரல. எங்கேயோ கோதுமை உள்ள போகுது. இப்படியே விட்டா உடம்பு தாங்காது," என்றார் செங்கல்பட்டு டாக்டரம்மா.

அக்காள் அன்பரசி தம்பி பக்கம் திரும்பினாள். "மூணு வேளையும் நான்தான சோறு போடறேன்! மாமல்லபுரம் போறப்ப பரோட்டா துன்னுகினு வர்றியாடா?"

"சத்தியமா இல்லக்கா."

"காலையில முதல்ல என்ன சாப்பிடுவீங்க?"

"அக்கா ஊத்தற இட்லி. அதுவும் பூசை முடிஞ்சுதான்."

"பூசையில ஏதாவது வாயில வைப்பீங்களா?"

தம்பி தலைகுனிந்தான். "நற்கருணை அப்பம். நான் பங்குச் சாமியார், டாக்டர். தினமும் நான்தான் பூசை வைக்கறேன். அது ஆண்டவரோட உடம்பு. கோதுமைன்னு எனக்குத் தோணவே இல்ல."