இடப்பக்கக் கதவு

கம்ப்யூட்டர் கார்ப் பந்தய விளையாட்டில் காரை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு அழகு. வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும். அதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் இன்பராஜ் தன் சொந்தக் காரையும் தாழ்த்த, மெக்கானிக்கிடம் அதன் ஸ்பிரிங்குகளை வெட்டச் சொன்னான். விளையாட்டுச் சாலையில் வேகத்தடையே கிடையாது என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் காரின் அடிப்பகுதி வேகத்தடையில் இடித்தது. அதனால் வேகத்தடை வரும்போதெல்லாம் அவன் மனைவி சுகிர்தா இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறிக்கொள்வாள். வயிறு தள்ளிய பிறகும் அப்படித்தான்.

பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, முதல் வேகத்தடையிலேயே பழக்கத்தில் தன் இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஐயோ, எறங்காத சுகி. இடிச்சா இடிக்கட்டும்.”

“வேணாங்க. போன தடவ இடிச்சதுக்கு ரெண்டு நாள் நீங்க சரியாவே சாப்பிடல.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். போகிற வழியில் இன்னும் ஐந்து இருந்தன. ஐந்திலும் இறங்கினாள். அந்த முதல் தடவைக்குப் பிறகு அவன் இறங்க வேண்டாமென்று சொல்லவில்லை.

குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். இன்பராஜ் விளையாட்டில் காரை முடிந்தமட்டும் உயர்த்திக்கொண்டு பந்தயத்தில் இறங்கினான். பாதி வழியில், வழுவழுவென்ற சாலையில், பிரேக் போட்டு நின்றான். மற்ற கார்கள் சர்சர்ரென்று தாண்டிப் போயின.

“ஏங்க நின்னுட்டீங்க? தோத்துருவீங்க,” என்றாள் சுகிர்தா, குழந்தையைத் தோளில் தட்டியபடி.

அவன் திரையில் அந்தக் காரின் இடப்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.