உப்புப் பார்க்காத குழம்பு

“உப்புப் பாக்காமலே எறக்கிட்டா பாத்தியா? அதுவும் கருவாட்டுக் கொழம்ப! இவ எங்க ஜெயிக்கிறது?”

தங்கையிடம் கிசுகிசுத்தாள் திலகவதி. புதுவாயலில் இருபது வருஷமாக மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். பழவேற்காட்டில் டி.வி.காரர்கள் நடத்திய சமையல் போட்டியின் கடைசிச் சுற்றில் அவளோடு மோதியது, கம்பெனித் தொழிலாளி ஜெகனின் மனைவி அமிர்தா. இருவருக்கும் திருக்கைக் கருவாட்டுக் குழம்பு.

நடுவர்கள் அமிர்தாவின் சட்டியை வழித்தே எடுத்துவிட்டார்கள்.

“முதல் பரிசு அமிர்தாவுக்கு!” என்று அறிவித்த தொகுப்பாளர், தனியே எடுத்துவைத்திருந்த குழம்புத் தட்டைக் கேமரா முன் அவளிடம் நீட்டினார். “நீங்களே சாப்பிட்டு, எப்படி இருக்குன்னு சொல்லுங்க!”

அமிர்தா சட்டென்று பின்வாங்கினாள்.

திலகவதி விடவில்லை. “பாத்தீங்களா சார்! செஞ்சவளே வாயில வெக்க மாட்டேன்றா. இன்னாத்தக் கலந்தாளோ!”

“ஒண்ணும் கலக்கலைக்கா,” அமிர்தா சிரித்தாள். “எங்கப்பா திருவள்ளூர்ல கோயில் மடப்பள்ளியில சமைக்கிறவர். பெருமாளுக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பார்க்கப்படாது. கொதிக்கிற வாசனையிலேயே உப்பைச் சொல்லிடுவார். எனக்கும் அதே பழக்கம்.”

“இங்கே பெருமாள் இல்லையே, இப்போ சாப்பிடலாமே?” என்றார் தொகுப்பாளர்.

“கருவாட்டுக் குழம்பு எங்க ஆத்துக்காரருக்காகக் கத்துண்டது சார். நான் இதுவரைக்கும் மீனே சாப்பிட்டதில்லை.”

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. திலகவதி விறுவிறுவென்று வந்து தட்டைப் பிடுங்கி ஒரு வாய் வைத்தாள். அப்புறம் இன்னொரு வாய். தட்டு காலியானதும் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:

“நாளைலேர்ந்து டெய்லி நம்ம கடைக்கு வந்து, ஒரு தபா கொழம்ப மோந்து பாத்துட்டுப் போம்மா!”