மூன்றாவது சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலையில் கயாக் என்னும் ஒற்றை ஆள் துடுப்புப் படகில் போய் மீன் பிடிப்பது அந்தத் தம்பதியின் பொழுதுபோக்கு. இருப்பது ஒரே கயாக் என்பதால் ஒருவர் கடலுக்குப் போனால் மற்றவர் வீட்டில் இருப்பார். அன்று கணவர் பதறியடித்துக்கொண்டு போன் செய்தார்.

"என்னைச் சுத்திச் சுத்தி வருதும்மா!"

"பதறாதீங்க. காலை மேலே தூக்கிக்கிட்டு அசையாம உக்காருங்க," என்றாள் மனைவி, தணிந்த குரலில்.

"பல்லைக் காட்டுது!"

"கத்தாதீங்க. நம்மளைவிட அதுக்குத்தான் பயம் அதிகம்."

"சொல்லுவே! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்?"

பத்து நிமிடம் அவள் தைரியம் சொன்ன பிறகு, "அப்பாடா, போயிடுச்சு!" என்றார்.

அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் உட்கார்ந்திருந்த கயாக்கை மூன்று முறை சுற்றிய சுறா, தூண்டிலில் மாட்டியிருந்த மீனைப் பறித்துக்கொண்டு ஆழத்துக்குள் இறங்கியிருந்தது. அவருக்குச் சொன்ன தைரியத்தையெல்லாம் அவள் தனக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்கே ஒரு சுறா..."

"அது கிடக்கட்டும். வரும்போது மறக்காம எலிப்பொறி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் இந்தச் சாப்பாட்டு மேஜையை விட்டு இறங்கமாட்டேன்!"