லைன் கிடைக்கும் வளைவு

யுவனேஸ்வரியின் காரில் ஏறி உட்கார்ந்ததிலிருந்தே நவமணிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

சொந்தக் கார் பட்டறையில் கிடந்தது. பள்ளிக்கு மணிலா அட்டை வாங்க தானா ராத்தா டவுனுக்குப் போயாக வேண்டும். வேறு வழியில்லாமல் ஏறிவிட்டாள்.

இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியைகள். நவமணி அங்கே இருபது வருடமாக இருக்கிறாள். யுவனேஸ்வரி நேற்று வந்தவள்.

ஓட்டும்போதுகூட ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். சந்தோஷத்துக்கு என்ன குறைச்சல், பாட்டு வரத்தானே செய்யும் என்று நவமணி மனதுக்குள் பொருமினாள்.

நாடு முழுக்க உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் ஒரு டெலிகிராம் குழு இருந்தது. 'வகுப்பறை' என்று பெயர். அதில் யுவனேஸ்வரியைச் சேர்த்துவிட்டதே நவமணிதான். அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

நவமணி அதில் பாடக் காணொளிகள் போடுவாள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, கரும்பலகை முன் நின்று, இடமதிப்பை அடி முதல் நுனி வரை விளக்குவாள். கீழே இரண்டே இரண்டு கட்டைவிரல்கள் விழும்.

ஒன்று குழுத் தலைவருடையது. அவர் எல்லோருக்கும் போடுவார்.

இன்னொன்று ஜொகூர் ஆசிரியர் குகனேஸ்வரனுடையது. அவனை அவள் பார்த்ததில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் செவ்வந்திப் படம்தான் இருக்கும்.

"டீச்சர், எங்க பிள்ளைங்க ரெண்டு தடவ போடச் சொல்லிப் பார்த்தாங்க. அடுத்து பின்னம் போடுங்க" என்று தனியாக எழுதுவான். அந்த ஒருவன் கேட்கிறானே என்றுதான் அவள் அடுத்ததையும் அதற்கடுத்ததையும் எடுத்தாள்.

யுவனேஸ்வரி போட்ட காணொளி ஒரு நிமிடம்கூட இருக்காது.

வகுப்பு ஜன்னல் வழியாக, பனியில் தேயிலை நிரைகள் எத்தனை தெரிகின்றன என்று பிள்ளைகள் தினமும் எண்ணுகிறார்கள். ஒரு நாள் நான்கு, ஒரு நாள் ஒன்று. ஒரு நாள், "டீச்சர், மலையவே காணோம்!" என்று ஒரு வாண்டு கத்துகிறது. வெள்ளிக்கிழமை அந்த எண்ணிக்கையெல்லாம் பலகையில் பட்டைக் குறிவரைவாக எழுந்து நிற்கிறது.

வடக்கே கெடாவிலிருந்து தெற்கே ஜொகூர் வரை இதயங்கள் கொட்டின. தலைமையாசிரியர் அதைச் சபைகூடலில் வேறு போட்டுக் காட்டினார். நவமணியும் கைதட்ட வேண்டியிருந்தது.

அதே ஜன்னல்தான். பனி உள்ளே வருகிறதென்று அதை இருபது வருடமாகச் சாத்திக்கொண்டிருந்தவள் அவள்.

இப்போது குழுவில் வாக்கெடுப்பு. வாராவாரம் எல்லாப் பள்ளிகளுக்கும் பாடம் தயாரித்துப் போட ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்கள் இருவரும்தான் போட்டி. இன்று மாலையோடு முடிகிறது. நவமணிக்கு அது வேண்டும். வெளியில் சொன்னால் வெட்கம் என்கிற அளவுக்கு வேண்டும்.

அந்த வெறியில்தான் நேற்று குகனேஸ்வரனுக்கு எழுதினாள். "தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்தப் பனிப் பாடம் என்னோட ஐடியா. யுவனேஸ்வரி திருடிட்டா. தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லி வைங்க."

அத்தனையும் பொய்.

ஆசிரியர் குடியிருப்பில் கைப்பேசிக்கு லைன் கிடையாது. பள்ளி வைஃபையும் படுத்துவிட்டது. அனுப்பியதெல்லாம் சின்னக் கடிகாரக் குறியோடு உள்ளேயே காத்துக் கிடக்கும். மலைச்சாலையில் கோயில் வளைவுக்குப் போனால் லைன் கிடைத்துத் தானாகக் கிளம்பிவிடும். தோட்டத்தில் எல்லோருக்கும் அந்த வளைவுதான் தபால் நிலையம்.

காலையில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. அழித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். பள்ளிக்குப் புறப்பட்ட அவசரத்தில் மறந்துபோனாள்.

"கொஞ்சம் நிப்பாட்டுறேன் டீச்சர். லைன் வந்தாத்தான் நமக்கு உயிரே வருதுலா" என்று சிரித்தபடி யுவனேஸ்வரி காரை ஓரம் கட்டினாள்.

கோயில் வளைவு.

நவமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையைக் கவிழ்த்துக் கைப்பேசியை எடுத்தாள். அவள் விரல் போய்ச் சேர்வதற்குள் கடிகாரக் குறி மறைந்து ஒரு டிக் விழுந்தது.

முன்கண்ணாடியை ஒட்டி வைத்திருந்த யுவனேஸ்வரியின் கைப்பேசி சிணுங்கியது.

திரையில் வெளிச்சம் வந்தது. 'நவமணி டீச்சர்: தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்…'

யுவனேஸ்வரி அதை எடுத்துத் திறந்தாள். மூலையில் மஞ்சள் செவ்வந்தி.

ஜொகூரில் குகனேஸ்வரன் என்று யாரும் இல்லை.

நவமணியின் கையில் இரண்டாவது டிக் விழுந்தது. படித்தாகிவிட்டது.

யுவனேஸ்வரி கடைசி வரி வரை படித்தாள். பாட்டு நின்றிருந்தது. காது மடல்கள் சிவந்தன. அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கட்டைவிரல்கள் மெதுவாக அசைந்தன.

நவமணியின் கைப்பேசி அதிர்ந்தது.

"கவலப்படாதீங்க டீச்சர். என் ஓட்டு உங்களுக்குத்தான். மொத நாளே போட்டுட்டேன்."

யுவனேஸ்வரி கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"போலாமா டீச்சர்?"

நவமணி தலையை மட்டும் ஆட்டினாள். தானா ராத்தாவுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.