பாதர் ரெமோனின் நாற்காலி

விளக்கைப் பழுதுபார்க்க வந்த யுகேந்திரன் முழங்கால் பலகையைக் கையால் அழுத்தினான். பாவசங்கீர்த்தனக் கூண்டின் மேலிருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை.

"ஆள் முட்டி போட்டா ஸ்பிரிங் இறங்கும், சுவிட்ச் தட்டும், லைட் எரியும். உள்ள ஆள் இருக்குன்னு வெளிய தெரியும். யார் ஆன்டி செஞ்சது?"

"பாதர் ரெமோன். பிரான்ஸ்காரரு," என்றாள் பவுனம்மாள், கையில் தூசித் துணியோடு.

அவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் இன்னும் அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்லும்: எதையும் பழுதுபார்ப்பார், காது சுத்தமாகக் கேட்காது.

கூண்டின் நடுவில் ஒரு வலை. இந்தப் பக்கம் மண்டியிட்டவர் தன் பாவத்தைச் சொல்வார். அந்தப் பக்கம் பாதர் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறார் என்றார்கள். கொலை என்றாலும் கோழித் திருட்டு என்றாலும் அவர் கொடுக்கும் அபராதம் ஒன்றுதான்: மூன்று முறை 'அருள்நிறை மரியே' ஜெபம்.

அதனால் அவரிடம்தான் வரிசை தெருவரை நீளும். இந்துக்களும் வந்து நின்றார்கள்.

பவுனம்மாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றாள். அன்று சொன்னதை அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கிள்ளானில் நர்ஸாக இருக்கும் மகளிடமும் இல்லை. செவிடரிடம் சொன்னது யாரிடமும் சொல்லாததற்குச் சமம் என்று நிம்மதியாக இருந்தாள்.

இந்த வேலை கிடைத்ததும் அந்தச் செவிட்டுக் காதால்தான். மறுநாள் விடியுமுன் பாதர் அவள் ஃப்ளாட் கதவைத் தட்டினார். கையில் துடைப்பம். கோயிலைக் கூட்ட ஆள் வேண்டும், இப்போதே வா, குழந்தையையும் தூக்கிக்கொள் என்றார்.

"வேணாம் பாதர்" என்றாள். கத்தியும் சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டி, துடைப்பத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றார். செவிடரிடம் என்ன வாதாடுவது? ஒரு நாள்தானே என்று போனாள்.

அவள் சொன்ன துடைப்பக் கதையைக் கேட்டு யுகேந்திரன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போக வேண்டிய வயர் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்தது.

ஒன்று விளக்குக்குப் போனது. மற்றது வலையின் சட்டத்துக்குள். திருகாணியைக் கழற்றினான். உள்ளே பழைய தொலைபேசியின் பேசும் பகுதி, கறுப்பாக, வட்டமாக. அங்கிருந்து வயர் தரைக்கடியில் ஓடி, பாதரின் நாற்காலிக் கால் வழியாக மேலே ஏறியது. தலை சாயும் இடத்தில் துணியைப் பிரித்தான். கேட்கும் பகுதி அங்கே இருந்தது.

அவனுக்கு ஒரே சந்தோஷம். "ரிசீவர ரெண்டா வெட்டியிருக்காரு லா! வெளியதான் செவிடு. இங்க தலைய சாச்சா எல்லாம் கேக்கும்."

"எல்லாமா?"

"முட்டி போட்டவங்க பேசுனது அத்தனையும், ஆன்டி."

அவன் அறுந்த வயரை ஒட்டவைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, அவளை ஒருமுறை மண்டியிடச் சொன்னான்.

பவுனம்மாள் தூசித் துணியை மடித்து வைத்துவிட்டு மண்டியிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தப் பலகையில் அவள் மண்டியிடுவது இது இரண்டாவது முறை. முதல் முறை சொன்னது ஒரே வாக்கியம்: "நாளைக்குக் காலையில பிள்ளையத் தூக்கிட்டு ரயிலுக்கு முன்னால போயி நின்னுடுவேன்."

"ஏதாச்சும் பேசுங்க ஆன்டி."

அவள் வலைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

"கேக்குதா?"

"கிளியரா கேக்குது."