தார்ச் செருப்பு

இங்கிலாந்தின் சரக்கெல்லாம் லண்டன் சந்தைக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. லண்டனிலிருந்து மூட்டையோடு திரும்பிய பொதிக்குதிரை, சுங்கச்சாவடியில் ஒரு வாத்துக் கூட்டத்தைப் பார்த்தது.

"அண்ணே, செருப்பைப் பாருங்க!" என்று ஒரு வாத்து காலைத் தூக்கிக் காட்டியது. "எஜமான் எங்க காலைத் தாரில் முக்கி, மணல் ஒட்டிப் போட்டுவிட்டார். லண்டன் வரைக்கும் எங்களுக்குக் கால் நோகக் கூடாதாம்."

"வயலுக்குள்ள ஓடிப் போயிடு" என்றது குதிரை.

"செருப்பு போட்டுவிட்ட மனுஷனை விட்டுட்டா?" வாத்து சிரித்தது. "அது சரி, போன மாசம் போன எங்க ஆளுங்களை அங்கே பார்த்தீங்களா?"

குதிரை ஓரமாக நகரப் பார்த்தது. முதுகிலிருந்த மூட்டையின் கிழிசல் வழியாக ஒரு வெள்ளை இறகு விழுந்தது.

வாத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அட, போகும்போதுதான் நடையா! வரும்போது குதிரைச் சவாரி!" என்று கத்தி, பின்னால் வந்தவர்களை வேகமாக நடக்கச் சொன்னது.