வலது குதிகால் 6.8

பதினோரு வருடமாக ஸ்கேன் எடுக்கிறேன். என் கண் திரையில்தான் இருக்கும், காலைப் பார்ப்பதில்லை. குதிகாலடி நார் நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் தடிப்பு என்று எழுத வேண்டும். ஆனால் அந்தத் தடிப்புக்கும் நோயாளி சொல்கிற வலிக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

இப்போது வந்திருக்கும் காவலாளிக்குப் போன வருடம் வலது குதிகால் 5.2. இன்று நான் எந்திரத்தைத் தயார்செய்வதற்குள் கூட வந்த அவர் மனைவி அவரைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டார். பாதங்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும், அதுதான் முறை.

"பத்துக்கு எவ்வளவு வலி?"

"இடது மூணு. வலது ஒம்பது."

அரை இருட்டில் இரண்டையும் அளந்தேன். இடது 4.1.

"மெதுவா தம்பி, அங்கதான்," என்று பல்லைக் கடித்தார். வலது 6.8. அதிசயமாக எண்ணும் வலியும் ஒத்துப்போயின.

எழுதிவிட்டு விளக்கைப் போட்டேன். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

"சர்க்கரைல போன மாசம் எடுத்துட்டாங்க. சீட்டுல இருக்கே, பாக்கலையா?" என்றார் மனைவி.

டிஷ்யூவால் இடது பாதத்தின் ஜெல்லைத் துடைத்தார். பிறகு இன்னொன்றை உருவி, பக்கத்தில் வெறும் காற்றில், விரலிடுக்கு விடாமல் துடைத்தார்.

குப்பைக்கூடையில் இரண்டு டிஷ்யூவும் ஒரே மாதிரி நனைந்திருந்தன.